தலையில்லாத கிதாரும் பதினொன்றாவது விதியும்

நான் செய்யும் கிதார்களுக்குத் தலை கிடையாது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் எடைக் குறைப்பு, நவீன வடிவமைப்பு என்று ஏதேதோ சொல்வேன். உண்மையான காரணம், எனக்குத் தலை செய்ய வராது. முதலில் செய்த மூன்றுக்கும் தலை செதுக்கினேன். ஒன்று கழுத்தோடு பிளந்தது. இரண்டாவதில் ஆறு துளை விழ வேண்டிய இடத்தில் ஐந்து துளையும் ஒரு வருத்தமும் விழுந்தன. மூன்றாவது பார்க்க லட்சணமாகவே வந்தது. ஆனால் கம்பி ஏற்றி முறுக்கியதும், பெரியவர்களைக் கண்டு மரியாதை செய்வதைப் போல மெதுவாக முன்னால் குனிந்தது. அதற்குப் பிறகுதான் தலையே இல்லாமல் செய்தால் என்ன என்று தோன்றியது. ஐம்பது வயதுக்கு மேல் எனக்கு வந்த ஒரே நல்ல யோசனை அது.

கிதார் என்றதும் தோளில் மாட்டிக்கொண்டு மேடையில் குதிக்கிற ரகத்தை நினைத்துவிட வேண்டாம். இது உட்கார்ந்து மடியில் கிடத்தி வாசிப்பது. வலது கை கம்பிகளை மீட்டும். இடது கையில் விரல் நீளத்துக்கு ஓர் எஃகு உருளை இருக்கும். அதைக் கம்பிகள்மேல் வழுக்கிக்கொண்டே போனால் ஒரு ஸ்வரம் இன்னொன்றுக்குள் குழைந்து போகும். ஹவாயன் கிதார் என்று சொன்னால் பெங்களூர் கன்டோன்மென்ட் பக்கத்துத் தமிழர்களுக்கு உடனே புரியும். எந்தத் தெருவில் கேட்டாலும் யாரோ ஒரு மாமா சர்ச்சில் வாசித்திருப்பார்.

சாதாரணமாக இதில் சுருதி சேர்க்கும் கீகள், வீணையின் பிருடைகளைப் போல, இடது கோடியில் தலையில் இருக்கும். தலையை எடுத்துவிட்டால் கீகளும் போய்விடும். இடது கோடியில் கம்பிகளைக் கவ்விப் பிடிக்க ஓர் இடுக்கி மட்டும் மிஞ்சும். சுருதி சேர்க்கிற வேலை முழுவதும் வலது கோடிக்கு, மீட்டுகிற கையின் பக்கத்துக்கே வந்துவிடும். அங்கே ஒரு பித்தளைக் கட்டை. அதில் வரிசையாக ஆறு கொக்கிகள். ஒவ்வொரு கொக்கிக்குப் பின்னாலும் ஒரு திருகு, திருகின் முனையில் ஒரு குமிழ். குமிழைத் திருகினால் கொக்கி பின்னால் சாய்ந்து கம்பியை இழுக்கும், சுருதி ஏறும். அவ்வளவுதான் தத்துவம். இந்தத் தத்துவத்தை நான் கதவுக் கீலையும் சைக்கிள் ஸ்போக்கையும் வைத்து நடைமுறைப்படுத்தி வந்தேன். அது சுருதி சேர்ந்து நிற்கும் நேரம், சேர்க்க எடுத்துக்கொள்ளும் நேரத்தைவிடக் கொஞ்சம் குறைவு.

"ஏங்க, இது கிட்டாரா, இஸ்திரிப் பலகையா?" என்று மனைவி ஒருநாள் கேட்டாள். "எதுவா இருந்தாலும் அதுக்காவது உபயோகப்படுமா?"

வைட்ஃபீல்டில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில், மரம் அறுக்க எனக்கு ஒதுக்கப்பட்ட இடம் வாஷிங் மெஷின் இருக்கும் பால்கனி. சங்கத்திலிருந்து ஏற்கெனவே இரண்டு கடிதங்கள் வந்திருந்தன. ஒன்று சத்தத்தைப் பற்றி. இன்னொன்று கீழ்வீட்டுத் துணிகளில் படிந்த மரத்தூளைப் பற்றி. இசையைப் பற்றி இதுவரை புகார் வந்ததில்லை. அந்த அளவுக்கு இசை எழுந்ததும் இல்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அக்கா போன் செய்தாள்.

என் அக்கா ரிச்சர்ட்ஸ் டவுனில், அப்பா வீட்டிலேயே இருக்கிறாள். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் பார்வையில் நான் இன்னும் ஒழுங்காக வகுத்தல் போடத் தெரியாதவன். நாற்பது வருடமாக ஞாயிறு காலை ஆராதனையில் ஹவாயன் கிதார் வாசிப்பவள். பாடகர் குழுவின் வலப்பக்கம், தூணை ஒட்டி அவளுக்கென்று ஒரு நாற்காலி. வேறு யாராவது அதில் உட்கார்ந்தால் பின்வரிசையில் இருந்து யாராவது தொண்டையைச் செருமுவார்கள்.

"டேய், உன் மொட்டைக் கட்டையில கீ எந்தப் பக்கம் இருக்கு?"

"வலது பக்கம். ஏன்?"

"எனக்கு ஒண்ணு வேணும். அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமைக்குள்ள."

"மூணு வாரத்துலயா? அக்கா, எனக்கு ஒண்ணு செய்ய ஆறு மாசம் ஆகும்."

"அதுல அஞ்சு மாசம் நீ நெட்ல வீடியோ பாக்கற. அதை விட்டுடு."

பிறகு விஷயத்தைச் சொன்னாள். அவளுக்கு இடது தோள் இறுகிவிட்டது. பிசியோதெரபி போகிறாள், சரியாக வருடக்கணக்கில் ஆகுமாம். உருளையைக் கம்பிமேல் நகர்த்த முடிகிறது. ஆனால் கையை நீட்டித் தலைவரை கொண்டுபோய்க் கீயைத் திருக முடியவில்லை. ஆராதனைக்கு முன்னால் யாராவது சுருதி சேர்த்துக் கொடுத்துவிடலாம். ஆனால் மின்விசிறிக் காற்றுக்கும் கூட்டத்தின் சூட்டுக்கும் இரண்டாவது கீர்த்தனைக்குள் கம்பிகள் இறங்கிவிடும். இரண்டு ஞாயிறு பாடகர் குழு மாஸ்டர் பாட்டுக்குப் பாட்டு எழுந்து வந்து அவளுக்காகக் கீயைத் திருகினார். சபை முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மாஸ்டர் நல்லவர். அக்காவிடம் எட்டாம் வகுப்பில் கணக்குப் படித்தவர். முப்பத்தைந்து வயதாகியும் 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவார். அவர் வந்து, "மிஸ், நீங்க ஏன் கஷ்டப்படறீங்க? புது கீபோர்டுலயே ஹவாயன் கிட்டார் டோன் இருக்கு. அச்சு அசல் நீங்க வாசிக்கற மாதிரியே இருக்கும். நீங்க முன்வரிசையில உக்காந்து பாடுங்க" என்று சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் முதல் ஞாயிறிலிருந்து அப்படியே செய்யலாம் என்று கமிட்டியிலும் பேசியாகிவிட்டதாம்.

"நான் சொல்லிட்டேன்," என்றாள் அக்கா. "அன்னைக்கு என் கம்பிய நானே சேர்த்து, ஆராதனை முடியற வரைக்கும் யாரும் எழுந்து வராம வாசிச்சேன்னா நாற்காலி என்னோடது. இல்லன்னா நானே தூக்கிக் குடுத்துடறேன்னு."

"எதுக்கு அப்படிச் சொன்ன?"

"உன்னை நம்பித்தான்."

என் அக்கா என்னை நம்பி எதையும் சொல்லி நான் கேட்டதில்லை.

மரவேலையை நானே பார்த்துக்கொள்ளலாம். கதவுக் கீல் மட்டும் இந்த முறை உதவாது என்று தெரிந்தது. பித்தளையில் ஒழுங்காகக் கடைந்து கொடுக்க ஆள் வேண்டும். அக்கா வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு சந்துக்குள் லேத் பட்டறை வைத்திருந்தவரைப் பிடித்தேன். கே.ஜி.எஃப்., அதாவது கோலார் தங்கவயல்காரர். அப்பா தங்கச் சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் எஞ்சினில் வேலை பார்த்தவராம். இவர் வாரம் முழுக்க பெங்களூரில் தங்கிவிட்டுச் சனிக்கிழமை சாயங்கால ரயிலில் வீட்டுக்குப் போவார். என் வயதுதான், ஆனால் கைகள் என்னைவிட இருபது வருடம் அதிகம் படித்தவை.

வாயால் சொல்லிப் பார்த்தேன். "இதெல்லாம் வேணாம் சார், எழுதிக் குடுங்க. எழுதினா செய்றேன்" என்றார்.

எழுதச் சொன்னால் எனக்குக் குஷி வந்துவிடும், ஏனென்றால் பிழைப்பே அதுதான். மோட்டாரோ கம்ப்ரெஸரோ வாங்கினால் பெட்டிக்கு அடியில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு புத்தகம் இருக்குமே, நீங்கள் பிரிக்காமலே பரணில் போட்டுவிடுவீர்களே, அதை எழுதுகிறவன் நான். இருபத்தாறு வருடமாக எழுதுகிறேன். சுயசரிதை எழுதும் கிரிக்கெட் கேப்டன்கள், மந்திரிகள், குற்றவாளிகளுக்குக்கூட வாசகர்கள் உண்டு. எனக்கு ஒருவர்கூடக் கிடையாது. அந்த ஏக்கத்தில் ஆறு திருகுக்கும் ஆறு கொக்கிக்கும் படங்களோடு பதினான்கு பக்கம் எழுதிவிட்டேன். கடைசி இரண்டு பக்கம், 'பொது விதிகள்', பழைய ஒரு நீர்ப்பம்புக் கையேட்டிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியது. எல்லாக் கையேட்டிலும் அப்படித்தான் ஒட்டுவோம். அது சோற்றில் கறிவேப்பிலை மாதிரி, ஓரத்தில் கிடக்கும், யாரும் சாப்பிட மாட்டார்கள்.

ஒரு வாரம் கழித்துப் பட்டறைக்குப் போனபோது என் பதினான்கு பக்கமும் ஸ்பைரல் பைண்டிங் போட்டு, பிளாஸ்டிக் அட்டையோடு லேத்துக்கு மேலே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. சில வரிகளுக்குக் கீழே சிவப்பு மையால் கோடு. ஓரத்தில் டிக் அடையாளங்கள்.

"முழுக்கப் படிச்சீங்களா?" என்றேன்.

"ரெண்டு வாட்டி சார். ஏழாம் பக்கத்துல ஒரு அளவு இடிக்குது. திருத்தி வச்சிருக்கேன், பாத்துக்கோங்க."

அவர் திருத்தியதுதான் சரி. எனக்குக் கிடைத்த முதல் வாசகர், முதல் விமர்சகர், இரண்டும் ஒரே ஆளாக அமைந்துவிட்டார். அதில் எனக்கு வருத்தமே இல்லை.

அன்று அவர் என் கையில் வைத்த பித்தளைக் கட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்கும் சைஸ், ஆனால் பாரம் நன்றாகத் தெரிந்தது. ஆறு கொக்கிகளும் ஒரே தண்டில் கோக்கப்பட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் போல வரிசையில் நின்றன. குமிழ்களின் விளிம்பில் விரல் வழுக்காமல் இருக்கச் சொரசொரப்பாகப் பல் வெட்டியிருந்தார். பெஞ்சில் ஒரு பலகையில் அதைப் பொருத்தி, ஒரே ஒரு கம்பியைக் கட்டி, "திருகுங்க" என்றார். இரண்டு விரலால் திருகினேன். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இருந்தது. கம்பி 'ம்ம்ம்' என்று மேலே ஏறியது. திருப்பித் திருகினால் அதே 'ம்ம்ம்' கீழே இறங்கியது. மேலே, கீழே, மேலே, கீழே என்று கால்மணி நேரம் திருகிக்கொண்டிருந்தேன். டீ கொண்டு வந்தவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு கிளாஸை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"கழட்டிப் பாலீஷ் போட்டு, ஃபைனல் ஃபிட்டிங் பண்ணி சனிக்கெழம காலைல குடுத்துடறேன்" என்றார். "பொது விதி எல்லாம் ஃபைனல்லதான் வரும்."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை அலுவலகத்தில் மீட்டிங்கில் இருந்தபோது அவரிடமிருந்து போன். "சார், பதினொண்ணாவது விதி, அது கரெக்டுதானா? ஒரு வாட்டி கேட்டுக்கலாம்னு." எதிரில் மேனேஜர் முறைத்துக்கொண்டிருந்தார். பதினொன்றாவது விதி எது என்று எனக்கு எப்படி நினைவிருக்கும்? நான் எழுதியதை நானே படிப்பதில்லை. இருந்தாலும் இருபத்தாறு வருடம் கழித்து ஒரு வாசகர் சந்தேகம் கேட்கிறார். கம்பீரமாகச் சொன்னேன்: "என்ன எழுதியிருக்கோ அதை அப்படியே செய்ங்க."

"செரி சார்" என்றார் அவர்.

சனிக்கிழமை காலை அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் மரம் தயாராகக் கிடந்தது. பழைய தேக்குக் கட்டிலின் சட்டம் ஒன்றைத் தேய்த்து, வார்னிஷ் அடித்து, கம்பியின் ஒலியைப் பிடிக்கும் பிக்கப் பொருத்தி, உருளைக்கு இடம் காட்டும் கோடுகளை வெள்ளையில் போட்டிருந்தேன். அக்கா அளவுகோலை வைத்து ஒவ்வொரு கோட்டையும் அளந்து பார்த்துவிட்டு, "பரவால்ல, பாஸ் மார்க்" என்றாள். பட்டறைக்காரர் பத்து மணிக்கு வந்தார். கட்டையை வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார். பாலீஷ் போட்டதில் நகைக்கடையிலிருந்து வந்ததைப் போல மின்னியது. பக்கத்தில் ஒரு சின்னத் திருகும் அதிலிருந்து ஒரு பச்சை ஒயரும் இருந்தன.

"இது எதுக்கு?"

"மூணாவது விதி சார். கட்டாயம் எர்த் குடுக்கணும்னு போட்டிருக்கீங்களே."

பம்புக் கையேட்டு விதி. சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்த ஒயரை உள்ளே இணைத்தேன். ஆம்ப்ளிஃபையரைப் போட்டால், என் எல்லாக் கிதார்களிலும் தேனீக்கூடு மாதிரி இரைந்துகொண்டிருந்த சத்தம் காணவில்லை. ஆறு மாதமாக நான் வீடியோ பார்த்துத் தேடிய மருந்து அதுதான். ஞானி போல முகத்தை வைத்துக்கொண்டு, "அதுக்குத்தான் எழுதினேன்" என்றேன்.

கட்டையைப் பொருத்தினேன். ஆறு கம்பிகளையும் மாட்டி, இடது கோடியில் இடுக்கியை இறுக்கினேன். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு, மடியில் துண்டை விரித்து, கிதாரைக் கிடத்தினாள். வலது கையை இரண்டு அங்குலம் நகர்த்தி முதல் குமிழைப் பிடித்தாள்.

குமிழ் அசையவில்லை.

இரண்டாவதும் அசையவில்லை. நான் திருகிப் பார்த்தேன். ஆறும் கல் மாதிரி நின்றன. அன்று பட்டறையில் வெண்ணெயாக இருந்தவை.

"டைட்டாத்தான் சார் இருக்கும்," என்றார் பட்டறைக்காரர், பெருமையோடு. "பதினொண்ணாவது விதி."

பைக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்து, விரலை வைத்துக் காட்டினார். நான் எழுதிய ஆங்கிலத்தில் தெளிவாக இருந்தது. அதிர்வினால் தளராதிருக்கும்பொருட்டு அனைத்துத் திருகுகளும் திருகுப் பசையிட்டு நிரந்தரமாக இறுக்கப்பட வேண்டும்.

பம்பு அதிரும். அதன் திருகு கழன்றுவிடக் கூடாது. நியாயமான விதி. சுருதி சேர்க்கும் திருகுக்கு இருக்கிற ஒரே வேலை திரும்புவது என்பதை அந்த விதிக்கு யாரும் சொல்லவில்லை.

"நீங்களே யோசிச்சிருக்கலாமே?" என்றேன், ஈனஸ்வரத்தில்.

"யோசிச்சேன் சார். அதான் போன் பண்ணேன். எழுதினபடி செய்ங்கன்னு சொன்னீங்க." அவர் குரலில் கோபம் இல்லை. "எங்கப்பா சொல்வாரு, கீழ ஐநூறு பேரு நிக்கறப்போ மேல இருக்கறவன் யோசிக்கக் கூடாது. சந்தேகம்னா ஒரு வாட்டி கேக்கணும். பதில் வந்துச்சின்னா பேப்பர்ல இருக்கறத செய்யணும். நான் கேட்டேன், நீங்க சொன்னீங்க."

அக்கா புத்தகத்தை வாங்கிப் பதினொன்றாவது விதியைப் படித்தாள். பிறகு பன்னிரண்டாவதையும் படித்தாள். "ஓடிக்கொண்டிருக்கும்போது கையை உள்ளே விடக் கூடாது," என்று வாய்விட்டுத் தமிழில் சொன்னாள். "டேய், அப்போ வாசிக்கறப்ப நான் எங்க கைய வைக்கறது?"

பட்டறைக்காரர் முதலில் சிரித்தார். அப்புறம் அக்கா. இரண்டு பேரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், ஆனால் மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆராதனை.

"பசைய இளக்கலாம் சார்," என்றார் பட்டறைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நல்லா சூடு குடுத்தா விட்டுடும். நெருப்ப நேரா காட்டக் கூடாது, பித்தளை கறுத்துடும். சமமா சூடாவணும். அக்கா, தோசைக்கல்லு இருக்குதா?"

அக்காவின் இரும்புத் தோசைக்கல் அம்மா காலத்திலிருந்து பழகியது. அதில் சப்பாத்தி போடக்கூட யாருக்கும் அனுமதி கிடையாது. ஒரு நிமிடம் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "எண்ணெய் தடவணுமா?" என்றாள்.

"வேணாங்கா. மொறுமொறுன்னு வந்துடும்."

கம்பிகளை அவிழ்த்து, கட்டையைக் கழற்றி, தோசைக்கல்லில் வைத்தோம். அக்கா சிம்மில் வைத்தாள், பட்டறைக்காரர் கூட்டச் சொன்னார். வீடு முழுக்க எரிந்த பிளாஸ்டிக் வாசனை. பக்கத்து வீட்டு அம்மா ஜன்னல் வழியாக, "என்ன டீச்சர், என்ன அடிபிடிச்சுது?" என்று கேட்டாள். "தம்பி சமையல்," என்றாள் அக்கா. அந்த அம்மாவுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

சூடு ஏறியதும் பட்டறைக்காரர் சமையலறை இடுக்கியால் பிடித்து, பிளையரால் முதல் குமிழை ஒரு அசை அசைத்தார். 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். திரும்பியது. நாங்கள் மூன்று பேரும் கைதட்டினோம். இரண்டாவது திரும்பியது. மூன்றாவதும் திரும்பியது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "நாலாவது நான் பண்றேன்" என்று பிளையரை வாங்கினேன்.

"மெதுவா சார்."

நான் மெதுவாகத்தான் செய்தேன் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன். குமிழ் கழுத்தோடு ஒடிந்து, தரையில் உருண்டு, ஃப்ரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது. திருகின் மிச்சம் பித்தளைக்குள் பசையோடு அப்படியே நின்றது. எனக்கும் தலைகளுக்கும் ஏதோ பூர்வஜென்மப் பகை.

பட்டறைக்காரர் பிளையரை என் கையிலிருந்து மெல்ல எடுத்துக்கொண்டு ஐந்தாவதையும் ஆறாவதையும் இளக்கினார். ஒடிந்ததைத் துளைபோட்டு எடுக்கப் பட்டறைக்குத்தான் போக வேண்டும், அதற்கான பிட் திங்கட்கிழமைதான் கிடைக்கும் என்றார். மணியைப் பார்த்தார். ஒவ்வொன்றாகச் சூடேற்றி இளக்கியதில் சாயங்காலம் ஆகி, கே.ஜி.எஃப். ரயில் போயிருந்தது. "பரவால்ல, வூட்டுக்குப் போன் பண்ணி சொல்லிடறேன்" என்று உட்கார்ந்துவிட்டார்.

"அந்த ஒரு கம்பிய இழுத்துப் பிடிச்சு இடுக்கியில கவ்வ வச்சா?" என்றாள் அக்கா.

அதுதான் வழி. கட்டை ஆறியதும் மறுபடி மரத்தில் பொருத்தி, கம்பிகளை மாட்டினோம். நான்காவது கம்பியின் வலது முனை அசையாத கொக்கியில் மாட்டியிருக்க, இடது முனையைப் பட்டறைக்காரர் பிளையரால் இழுத்தார். சரியான ஸ்வரம் வந்ததும் அக்கா "ம்" என்றாள். நான் இடுக்கியை இறுக்கினேன். இறுக்கும்போது கம்பி மயிரிழை வழுக்கி ஸ்வரம் கீழே போனது. மறுபடி இழுத்தோம். மறுபடி வழுக்கியது. கொஞ்சம் கூடவே இழுத்தபோது அறுந்தது. உபரிக் கம்பி ஒன்றுதான் இருந்தது. அதை மாட்டி, இழுத்து, இறுக்கியபோது அரை ஸ்வரமும் இன்னும் கொசுறாகக் கொஞ்சமும் கீழே நின்றது.

"போதும் சார்," என்றார் பட்டறைக்காரர். "இன்னொரு வாட்டி இழுத்தா இதுவும் பூடும்."

அக்கா கிதாரை மடியில் வாங்கிக்கொண்டாள். மற்ற ஐந்து குமிழ்களையும் ஒவ்வொன்றாகத் திருகி, ஐந்து கம்பிகளையும் அந்த ஒரு பிடிவாதக் கம்பியின் உயரத்துக்கு இறக்கினாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் அசைந்தன. தோள் அசையவே இல்லை. அவள் முகம் அப்போது எப்படி இருந்தது என்று எழுதினால் என்னைத் திட்டுவாள். பிறகு உருளையை வைத்து இழுத்தாள். இரைச்சல் இல்லாமல், அடர்த்தியாக, ஒரு நல்ல குரல் எழுந்தது. என் கட்டில் சட்டத்திலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று நான் எதிர்பார்த்ததில்லை.

"ஆனா கீபோர்டோட சேராதே," என்றேன். "உருளைய அரைக் கோடு மேல தள்ளி வாசிச்சா?"

"தள்ளுவேன். உருளையே தொடாம மீட்டற கம்பிய எங்கடா தள்ளறது? பாதிப் பாட்டு எனக்குத் திறந்த கம்பியிலதான் இருக்கு." உருளையைத் துடைத்து மேசையில் வைத்தாள். "காலைல ஏழு மணிக்குக் கோயிலுக்கு வா."

ஞாயிறு ஏழு மணிக்குச் சர்ச்சில் மாஸ்டர் கீபோர்டை மூடியிருந்த துணியை எடுத்துவிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். பட்டறைக்காரரும் வந்திருந்தார். "எங்க வூட்ல புத்தர்தான் சார், உள்ள உக்காரலாமா?" என்று கேட்டுவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அக்கா தூணோரத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு தடவை மீட்டினாள். மாஸ்டர் கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்திப் பார்த்துவிட்டு, தயங்கி, "மிஸ், நீங்க கீழ இருக்கீங்க" என்றார்.

"நான் இருக்கற எடத்துலதான் இருக்கேன். நீ வா."

"கீபோர்ட் ஃபிக்ஸட் மிஸ். அதை மாத்த முடியாது."

"எட்டாம் கிளாஸ்லயும் இதேதான் சொன்ன. 'முடியாது மிஸ், இந்தக் கணக்குக்கு ஆன்சரே இல்ல மிஸ்.'"

நான் முன்னால் போனேன். சுருதியை இறக்க முடியாத கீபோர்டே கிடையாது. அந்த வசதியை எங்கே வைத்திருப்பார்கள் என்பதுதான் கேள்வி. உபயோகமான எதையும் கையேடு எழுதுகிறவர்கள் முதல் பக்கத்தில் போட மாட்டோம். மெனுவைத் திறந்து, முக்கியமானவை எல்லாவற்றையும் தாண்டி, 'இதர அமைப்புகள்' என்பதற்குள் போய், திரை வெளிச்சத்துக்கும் மொழித் தேர்வுக்கும் நடுவில் தேடினேன். இருந்தது. முதலில் அரை ஸ்வரம் இறக்கினேன். பிறகு கொசுறு. அக்கா ஒரே கம்பியை மீட்டிக்கொண்டே இருந்தாள். மாஸ்டர் ஒரே கட்டையை அழுத்திக்கொண்டே இருந்தார். இரண்டு சத்தமும் முதலில் அலையடித்துச் சண்டை போட்டன. அலை மெதுவாகி, இன்னும் மெதுவாகி, நின்றது.

"அய்யோ, செட் ஆயிடுச்சு மிஸ்!" என்றார் மாஸ்டர், தானே கண்டுபிடித்ததைப் போல.

எட்டு மணிக்கு ஆராதனை தொடங்கியது. முதல் கீர்த்தனையின் அனுபல்லவியில் மேலே ஏறுகிற இடம் ஒன்று உண்டு. வழக்கமாக அந்த இடம் வந்தால் ஆண்கள் வரிசையில் பாதிப் பேர் பாட்டுப் புத்தகத்தில் எதையோ தேட ஆரம்பிப்பார்கள். சுருதி அரை ஸ்வரத்துக்கு மேல் இறங்கியிருந்ததில் அன்று யாரும் தேடவில்லை. சபை அப்படியே ஏறிப்போய் அங்கே நின்றது. எழுபது வயதுக் கமிட்டிக்காரர் ஒருவர், தன் குரலா இது என்று பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார்.

இரண்டாவது கீர்த்தனைக்கு முன் மின்விசிறிகள் வேகமெடுத்தன. நான் அக்காவின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயர் அறிவிப்பு வாசித்த அரை நிமிடத்தில் அந்தக் கை இரண்டு அங்குலம் நகர்ந்தது, ஒரு குமிழைத் தொட்டது, இன்னொன்றைத் தொட்டது, திரும்பி வந்தது. ஐந்து கம்பிகள் இறங்கினாலும் ஒடிந்த திருகின் கம்பி கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே நின்றது. அதோடு சேர்த்துக்கொண்டால் போதும். மாஸ்டர் கீபோர்டிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. கடைசி ஆசீர்வாதத்துக்குப் பின் அவள் தனியாக ஒரு மெட்டு வாசித்தபோது, கலைந்து போக வேண்டிய கூட்டம் கதவுப்பக்கம் போகாமல் நின்றது. கடைசி பெஞ்சில் பட்டறைக்காரர் குனிந்து, தூரத்திலிருந்தே தன் ஆறு குமிழ்களையும் எண்ணிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். ஐந்துதான் வந்திருக்கும்.

வெளியே மரத்தடியில் காபி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பட்டறைக்காரர் வந்து, "அக்கா, திங்கக்கெழம பிட்டு எடுத்துனு வரேன். அரை மணி நேரத்துல அந்த ஒடிஞ்சத எடுத்துடலாம்" என்றார்.

அக்கா கிதாரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். "கிட்ட வந்தீங்கன்னா பாருங்க தம்பி."

அந்தக் கமிட்டிக்காரர் காபி டம்ளரோடு வந்தார். "டீச்சரம்மா, இன்னைக்கு என்னவோ எனக்குத் தொண்டை நல்லா இருந்துச்சு. அந்த நாற்காலி விஷயமெல்லாம் கமிட்டியில இனிமே எடுக்க வேணாம்னு சொல்லிடறேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, இரண்டாவது காபிக்குப் போனார்.

கடைசியாக மாஸ்டர் வந்தார். கையில் ஒரு சீட்டு. நான் மெனுவில் போன வழியை அதில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். பொது விதிகள் எதுவும் சேர்க்காமல் நான்கே வரி. அவர் இரண்டு முறை படித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அக்காவிடம் திரும்பினார்.

"அடுத்த வாரமும் இதே சுருதிதானா மிஸ்?"

"என்னைக் கேக்காத," என்றாள் அக்கா. "நாலாவது கம்பியக் கேட்டுட்டு வாசி."